செவ்வாய்க்குப் போகும் கதை எழுதுகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

விண்வெளிக் கதையில் முதல் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். கப்பல் கிளம்பும், பூமி நீலமாகத் தெரியும், கதாநாயகிக்கு ஊர் ஞாபகம் வரும். மூன்றாவது அத்தியாயத்தில்தான் பேனா நிற்கும். பயணம் எத்தனை நாள்? நாலு பேருக்கு எவ்வளவு சாப்பாடு ஏற்ற வேண்டும்? திரும்பி வர எரிபொருள் எங்கே இருந்தது? இதற்கெல்லாம் விடை தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இருப்பதில் பாதி ஆங்கிலத்தில், மீதி பொறியியல் படித்தவர்களுக்காக எழுதியது. கதை எழுதுகிறவருக்கு எந்த வரிசையில் எது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

உதாரணத்துக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையையே வைத்துக்கொள்கிறேன். இசக்கி, வள்ளியூர்க்காரி, வெல்டர். நாலு பேர் குழுவில் செவ்வாய்க்குப் போகிறாள். காலம் 2065.

1. ஒரே தாளில் நாலு வரி

எங்கே போகிறார்கள், எதற்கு, எத்தனை பேர், திரும்பி வருவார்களா? இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இதில் ஒன்று மாறினாலும் கீழே வரும் எல்லாக் கணக்கும் மாறும். ஆட்களைக் கடைசியில் கூட்டாதீர்கள். நடுவில் ஒரு வில்லன் தேவைப்படுகிறான் என்று ஐந்தாவது ஆளைச் சேர்த்தால், அவனுக்கு மட்டும் இரண்டரை டன் சாப்பாடும் ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். கணக்கு நாலாவது படியில் வருகிறது.

2. நாள்காட்டியை முதலில் முடிவு செய்யுங்கள்

நிலவுக்கு ஏறக்குறைய எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அப்பல்லோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16, இறங்கியது ஜூலை 20. எரிபொருளை மிச்சம் பிடித்துப் போனால் சந்திரயான்-3 போல: 2023 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23 இறங்கியது. உங்கள் கதையில் ஆட்கள் போகிறார்கள் என்றால் மூன்று நாலு நாள், சரக்கு என்றால் ஒரு மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கு அப்படி முடியாது. பூமியும் செவ்வாயும் சரியான இடத்தில் இருக்கும்போதுதான் குறைந்த எரிபொருளில் போக முடியும். அந்த வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறை வரும், சில வாரங்கள் இருக்கும், போய்விடும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி 2020 வாய்ப்பைத் தவறவிட்டதும் அடுத்த தேதியாக 2022-ஐத்தான் சொன்னார்கள். "ரெண்டு மாசம் கழிச்சுக் கிளம்புவோம்" என்று எந்தப் பாத்திரமும் பேசக்கூடாது.

சிக்கனமான பாதையில் போக சுமார் 259 நாள். போய் இறங்கியதும் திரும்ப முடியாது, பூமி சரியான இடத்துக்கு வரும்வரை 450 நாள் போல அங்கே தங்க வேண்டும். அப்புறம் வர 259 நாள். மொத்தம் 970 நாளை ஒட்டி வரும். மங்கள்யான் 2013 நவம்பர் 5 ஏவப்பட்டு 2014 செப்டம்பர் 24 செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியைச் சுற்றிச் சுற்றி வேகம் கூட்டிய வாரங்களும் அதில் அடக்கம்.

எதிர்காலத் தேதிக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 32 ஆண்டுக்கு ஒருமுறை பூமியும் செவ்வாயும் கிட்டத்தட்ட அதே தேதியில் அதே நிலைக்கு வருகின்றன. 2033 ஏப்ரலை ஒட்டி ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. அதோடு 32-ஐக் கூட்டினால் 2065 ஏப்ரல். இசக்கி 2065 ஏப்ரலில் கிளம்பினால் 2067 கடைசியில்தான் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். நடுவில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா மூன்று முறை வந்து போய்விடும். தம்பிக்குக் கல்யாணம் ஆகலாம், பாட்டி இறந்துபோகலாம். என் கதைக்கு இரண்டாம் பாதி கிடைத்தது இந்தத் தேதிகளை எழுதிப் பார்த்த பிறகுதான்.

3. வேகமும் எரிபொருளும்

இந்தப் படியில்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்பினால் போதும், அறிவியல் பொத்தான்கள் வந்துவிடும்.

விண்வெளியில் தூரத்துக்குக் காசில்லை, வேகத்தை மாற்றுவதற்குத்தான் காசு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வேக மாற்றம் தேவை என்பதை நொடிக்கு இத்தனை கி.மீ. என்று எழுதுங்கள். தரையிலிருந்து தாழ்வான சுற்றுப்பாதைக்கு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்து, சுமார் 9.4. அங்கிருந்து நிலவை நோக்கி 3.1 அல்லது 3.2. செவ்வாயை நோக்கி 3.6. செவ்வாயின் தாழ்வான சுற்றுப்பாதையில் எஞ்சினை வைத்தே நிற்க 2.1. அங்கிருந்து பூமிக்குக் கிளம்ப இன்னொரு 2.1. பூமிக்கு வந்ததும் காற்றில் உரசியே வேகம் குறைத்து இறங்கிவிடலாம், அதற்கு எரிபொருள் வேண்டாம். ஆக, சுற்றுப்பாதையிலேயே பாகங்களை இணைத்துக் கட்டிய கப்பலுக்கு 3.6 + 2.1 + 2.1 = 7.8.

இனி எரிபொருள். நெல்லையிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்ப வேண்டிய லாரி, வழியில் ஒரு பங்க் கூடக் கிடையாது என்று வையுங்கள். போக வர மொத்த டீசலையும் இங்கேயே ஏற்ற வேண்டும், ஏற்றிய டீசலை இழுக்கவும் டீசல் வேண்டும். ராக்கெட்டின் கதை இதுதான். 1,337 கிலோ மங்கள்யானில் 852 கிலோ எரிபொருள்.

கணக்கு இப்படி: வேக மாற்றத்தை, எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தால் வகுங்கள். வரும் ஈவை 2.718 என்ற எண்ணின் அடுக்காகப் போடுங்கள். கிடைப்பதுதான், கிளம்பும்போதுள்ள எடை எரிபொருள் தீர்ந்தபின் உள்ள எடையைப் போல எத்தனை மடங்கு என்பது. திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் எஞ்சினுக்கு வெளியேறும் வேகம் நொடிக்கு 4.4 கி.மீ. மண்ணெண்ணெய், ஆக்சிஜனுக்கு 3.4. சாதாரண வெப்பநிலையிலேயே தொட்டியில் வைத்திருக்கக்கூடிய எரிபொருள்களுக்கு 3.1 போல.

இசக்கியின் கப்பல் எரிபொருள் இல்லாமல் 50 டன் என்று வைத்தேன். ஹைட்ரஜனில் போனால் 7.8-ஐ 4.4-ஆல் வகுக்க 1.77, மடங்கு 5.9. கிளம்பும்போது சுமார் 294 டன். மண்ணெண்ணெய் என்றால் கிட்டத்தட்ட 10 மடங்கு, 500 டன்.

சரி, ஹைட்ரஜனே போதுமே என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டும். தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி ஆவியாகிக்கொண்டே இருக்கும். இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் எஞ்சினைச் சோதிக்கும்போது அது நிமிடக் கணக்கு: 2022 ஜனவரி 12 அன்று சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை 720 நொடி ஓட்டினார்கள். இசக்கிக்கோ எழுநூறு நாள் கழித்துத் திரும்புவதற்கு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். ஒன்று, தொட்டியை விடாமல் குளிரூட்டும் இயந்திரம் கொடுங்கள், அதற்கு மின்சாரமும் கொடுங்கள். இல்லையென்றால் திரும்பும் கட்டத்துக்கு மட்டும் ஆவியாகாத எரிபொருள். நான் இரண்டாவதை எடுத்தேன். திரும்ப 2.1-ஐ 3.1-ஆல் வகுத்தால் மடங்கு கிட்டத்தட்ட 2. செவ்வாயிலிருந்து கிளம்பும்போது 98 டன். அந்த 98-ஐ ஹைட்ரஜனில் கொண்டுபோய்ச் சேர்க்க, 5.7-ஐ (3.6 + 2.1) 4.4-ஆல் வகுத்து, மடங்கு 3.65. மொத்தம் 360 டன். 294 எப்படி 360 ஆனது என்று பாருங்கள், ஒரு முடிவுக்கு 66 டன் விலை. (போகும் 259 நாளுக்கும் ஹைட்ரஜன் தாக்குப்பிடிக்கக் கனமான உறை போட்டிருக்கிறேன்.) செவ்வாயில் தரையிறங்கும் கலமும் தங்கும் கூடும் இந்த 50 டன்னில் இல்லை. அவற்றை முந்தைய வாய்ப்பிலேயே, 26 மாதம் முன்னதாக, ஆளில்லாமல் அனுப்பிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கதைக்கும் நல்லது: அங்கே போய்ப் பார்க்கும்போது கூட்டின் கதவு திறக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

"எஞ்சினை முழு வழியும் ஓட்டினால் இரண்டே நாளில் போய்விடலாமே?" நண்பர்கள் எல்லோரும் கேட்பது இது. பூமியின் ஈர்ப்பு அளவுக்குப் பாதி வழி முடுக்கி, மீதிப் பாதி வேகம் குறைத்தால் 7.8 கோடி கி.மீ. தூரத்தை இரண்டு நாளில் கடக்கலாம், உண்மைதான். அதற்குத் தேவைப்படும் வேக மாற்றம் நொடிக்கு சுமார் 1,750 கி.மீ. மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டரே காட்ட மறுத்துவிடும். அப்படியொரு எஞ்சின் வேண்டுமென்றால் கதையில் துணிந்து கண்டுபிடியுங்கள், ஆனால் அதற்கு ரசாயன எரிபொருள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

4. ஆட்கள் உயிரோடு இருக்க

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆக்சிஜன் 0.84 கிலோ. பொட்டலத்தோடு சேர்த்துச் சாப்பாடு சுமார் 1.8 கிலோ. குடிக்க, சமைக்க 3 லிட்டர் தண்ணீர். நாலு பேர், 970 நாள்: ஆக்சிஜன் 3.3 டன், சாப்பாடு 7 டன், தண்ணீர் 11.6 டன். தண்ணீரை அப்படியே ஏற்றத் தேவையில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சு ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 சதவீதம் மீட்கும் நிலையை 2023-ல் எட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு டன் தண்ணீரும் ஒரு நல்ல சுத்திகரிப்பு இயந்திரமும் போதும். அந்த இயந்திரம் பழுதானால் எத்தனை நாள் தாங்கும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன், நாலு பேர், நாளுக்கு 12 லிட்டர் என்றால் 83 நாள்.

கதிர்வீச்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). போக வர 518 நாளுக்கு 930-ஐத் தாண்டும். ஒரு விண்வெளி வீரருக்கு ஆயுள் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பு 600. அப்படியானால் இசக்கியை அனுப்ப யார், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்? என் கதையில் அது ஒரு முழு அத்தியாயம்.

சுழலும் கப்பல் வைத்து ஈர்ப்பு உண்டாக்குவதானால் நிமிடத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள், தலைசுற்றல் வரும். அந்த வேகத்தில் பூமி அளவு ஈர்ப்புக்கு ஆரம் 224 மீட்டர் வேண்டும். செவ்வாய் அளவு போதும் என்றால் 85 மீட்டர். வெளியே குளிர் என்பதால் கப்பல் தானாகக் குளிர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். காற்றில்லாத இடத்தில் சூட்டை வெளியே விட அகலமான கதிர்வீசும் தகடுகள் தேவை, கப்பலை வர்ணிக்கும்போது அவற்றையும் வரையுங்கள்.

5. எங்கிருந்து ஏவுவது?

நம் பக்கத்து எழுத்தாளர்கள் எல்லோருக்கும் குலசேகரன்பட்டினத்திலிருந்து செவ்வாய்க்கு அனுப்ப ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செவ்வாய்க்குப் போகிற ராக்கெட், பூமியின் சுழற்சி வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கிழக்கே போக வேண்டும். குலசைக்கு நேர் கிழக்கே இலங்கை. ஆட்கள் வாழும் நிலத்துக்கு மேலே ராக்கெட்டைப் பறக்கவிட மாட்டார்கள். குலசையின் பெருமை தெற்கே: துருவப் பாதைக்குப் போகும் சிறிய ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டியிருக்கிறது, குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய இந்தத் தளம், 500 கிலோவை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்காகத்தான்.

ஆகவே இசக்கி மகேந்திரகிரியில் வேலை பார்க்கிறாள், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறுகிறாள். குலசையிலிருந்து வேறு ஒரு சின்ன செயற்கைக்கோள் கிளம்புகிறது, அது கதையில் வேறு வேலை செய்கிறது. குலசைக் காட்சி எழுதினால் தேதியைக் கவனியுங்கள். தசரா பத்து நாளும் திருச்செந்தூர் சாலையில் வேடம் போட்டவர்கள் கூட்டம், எந்தக் கனரக வண்டியும் நகராது. வடகிழக்குப் பருவமழையும் அதைத் தொட்டே வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்தவர் யாரும் இங்கே இல்லை.

6. தாள்கள்

கதையில் யாராவது ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தால்தான் நம்பும்படி இருக்கும். தனியார் நிறுவனம் அனுப்பினாலும் பொறுப்பு நாட்டுக்கு: 1967 விண்வெளி ஒப்பந்தப்படி அரசு அனுமதித்து மேற்பார்வை செய்ய வேண்டும். இந்தியாவில் அந்த அனுமதி இன்ஸ்பேஸ் அமைப்பிடமிருந்து. கீழே விழுந்து சேதமானால் ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1972 ஒப்பந்தம். 1978-ல் சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தபோது அப்படித்தான் இழப்பீடு கேட்டார்கள், 30 லட்சம் கனடா டாலர் கிடைத்தது. கப்பலை எந்த நாடு பதிவு செய்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும், ஆகவே உள்ளே கொலை நடக்கும் கதை எழுதுகிறவர்கள் பதிவு எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அப்புறம் அலைவரிசை ஒதுக்கீடு, விமானங்களுக்கு அறிவிப்பு, மீனவர்களுக்கு எச்சரிக்கை. குலசையில் ஏவுதல் என்றால் மணப்பாடு, பெரியதாழைப் படகுகள் அன்றைக்குக் கடலுக்குப் போக முடியாது. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது என்ற கேள்வியே தனிக் கதைக்குப் போதும்.

செவ்வாய்க்கு நம் கிருமிகளைக் கொண்டுபோகக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. இசக்கி உடன்குடிக் கருப்பட்டி ஒரு கட்டி எடுத்துப் போக வேண்டுமானால் எடையோடு சேர்த்து அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

7. செலவு

இன்று சந்தையில் இருக்கும் பால்கன் 9 ராக்கெட்டுக்கு ஒரு ஏவுதல் சுமார் 7 கோடி டாலர், ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்பத் தரையிறக்கினாலும் 17 டன்னைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும். கிலோவுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் போல. இசக்கியின் 360 டன்னை மேலே ஏற்ற மட்டும் 12,600 கோடி. இந்தியா ஆட்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு மொத்தம் ஒதுக்கியிருப்பதே 20,193 கோடி என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இஸ்ரோவின் எல்விஎம்3 போல 8 டன் தூக்கும் ராக்கெட் என்றால் 45 ஏவுதல், ஒவ்வொன்றையும் மேலே இணைக்க வேண்டும். இணைப்பு என்பது ஒரு வரியில் முடிகிற வேலை இல்லை. இஸ்ரோவின் இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸின் இரண்டு 220 கிலோ கலங்கள் 2024 டிசம்பர் 30 ஏவப்பட்டன, தேதிகள் தள்ளிப்போய் 2025 ஜனவரி 16-ல்தான் இணைந்தன. 45 ஏவுதலுக்கு மாதம் இரண்டு என்றாலும் இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் முதலில் ஏற்றிய ஹைட்ரஜன் ஆவியாகிவிடும். 100 டன் தூக்கும் ராக்கெட் ஒன்று 2065-ல் இருக்கிறது என்று வைத்தால் நாலு ஏவுதலில் முடியும். நான் அப்படித்தான் வைத்தேன்.

8. பேச்சு

வானொலிச் சமிக்ஞை நிலவுக்குப் போய்ச் சேர 1.3 நொடி. செவ்வாய்க்கு ஒரு வழிக்கு 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை. நடுவில் சூரியன் குறுக்கே வரும் இரண்டு வாரம் தொடர்பே நம்பக்கூடியதாக இருக்காது, அதுவும் செவ்வாயில் தங்கியிருக்கும் காலத்தின் நடுவில் வரும்.

எனவே தொலைபேசி உரையாடலாக எழுதாதீர்கள். இசக்கியின் அம்மா குரல் பதிவு அனுப்புகிறாள்: "ஏட்டி, சாப்ட்டியா? மேலுக்கு நல்லாயிருக்கா? தம்பிக்குப் பொண்ணு பாத்திருக்கோம், களக்காடு. உனக்குச் சம்மதமா?" பதில் வர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும் அம்மா எல்லாக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கப் பழகிவிடுகிறாள். போகப்போக, கேட்காத கேள்விக்கும் பதில் அனுப்ப இசக்கி பழகுகிறாள். கிளம்பிய புதிதில் தாமதம் சில நொடிதான், மாதம் ஏற ஏறக் கூடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அன்றைய தாமதத்தைப் பென்சிலில் குறித்து வைத்தால் வசனம் தானாகச் சரியாகும்.

9. யாரிடம் சரிபார்ப்பது

கோள்கள் எந்தத் தேதியில் எங்கே இருக்கும் என்பதற்கு நாசாவின் ஹொரைசன்ஸ் கணிப்பு இலவசம். எடை, தேதி போன்றவற்றுக்கு இஸ்ரோ ஒவ்வொரு திட்டத்துக்கும் வெளியிடும் கையேடுகளைப் பாருங்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டுக்குக் காசு உண்டு, ஆனால் சுற்றுப்பாதை கைக்குப் பழக அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஒன்று கவனம்: அதில் உள்ள கோள்கள் சிறியவை, அந்த எண்களை எடுத்துக் கதையில் போடாதீர்கள்.

ஆட்களிடம் கேட்பதானால் திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் தொடங்கலாம். ஒவ்வொரு அக்டோபரும் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம், அதையொட்டி மகேந்திரகிரி மையத்தினர் பள்ளி, கல்லூரிகளில் கண்காட்சி வைப்பார்கள். வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, ஆகவே கண்காட்சிதான் வாய்ப்பு. உங்கள் கணக்குத் தாளை அலகுகளோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். "ராக்கெட் எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். "இந்த 360 டன்னில் எது பொருந்தவில்லை?" என்று தாளை நீட்டுங்கள், பேனாவை வாங்கி அவர்களே அடித்துத் திருத்துவார்கள்.